ஸோரான் ஜிஞ்ஜிச் யார்? மிலோஷெவிச்சைப் பிடித்துக் கொடுத்ததற்காகவா அவரைக் கொன்றார்கள்?

கேள்வி இதுதான்: "செர்பியாவின் பிரதமராக இருந்த ஸோரான் ஜிஞ்ஜிச்சின் அரசியல் வாழ்க்கையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல முடியுமா? மிலோஷெவிச்சை ஹேக் நீதிமன்றத்திடம் ஒப்படைத்ததால்தான் அவரைச் சுட்டுக் கொன்றார்கள் என்று படித்தேன். சரியா?"

பாதி சரி. (மிலோஷெவிச் என்றால் 1990-களில் செர்பியாவை ஆண்ட ஸ்லோபோதான் மிலோஷெவிச். ஹேக் நீதிமன்றம் என்றால் யூகோஸ்லாவியப் போர்க்குற்றங்களை விசாரிக்க ஐ.நா. நெதர்லாந்தில் அமைத்த நீதிமன்றம்.) மீதிப் பாதி இது: 2003 மார்ச்சில் அவரைச் சுட்டது ஒரு சிறப்புப் போலீஸ் படையின் துணைத் தளபதி. அதே படையின் தளபதியோடு ஜிஞ்ஜிச் இரண்டரை வருடம் முன்பு ஒரு ராத்திரியில், ஜீப்புக்குள் உட்கார்ந்து வாய்மொழியாக ஒரு ஒப்பந்தம் போட்டிருந்தார். அந்த ஒப்பந்தம் இல்லாமல் அவர் பிரதமராகியிருக்க முடியாது என்பது என் கருத்து. அந்த முடிச்சுக்கு வர வேண்டுமென்றால் ஆரம்பத்திலிருந்து போவதுதான் நல்லது.

முதலில் பெயர். ஆங்கில எழுத்தில் பார்த்தால் 'டிஜிண்டிஜிக்' என்று வாசிக்கத் தோன்றும். செர்பிய உச்சரிப்பில் அது ஜிஞ்ஜிச். இஞ்சியை நினைத்துக்கொண்டால் மறக்காது.

1952 ஆகஸ்ட் 1-ஆம் தேதி போஸ்னியாவில், சாவா நதிக்கரையில் உள்ள போசன்ஸ்கி ஷாமட்ஸ் என்ற சிறு ஊரில் பிறந்தார். செர்பியா, போஸ்னியா, குரோஷியா எல்லாம் அப்போது யூகோஸ்லாவியா என்ற ஒரே நாட்டில் இருந்தன. அப்பா யூகோஸ்லாவிய ராணுவ அதிகாரி. ராணுவக் குடும்பம் என்றால் ஊர் ஊராக மாற்றல்தான். சில வருடம் திராவ்னிக், அப்புறம் பெல்கிரேடு. பெல்கிரேடு பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்து 1974-இல் பட்டம் வாங்கினார். அதே வருடம் லூப்லியானா, ஸாக்ரெப் மாணவர்களோடு சேர்ந்து, கட்சிக் கட்டுப்பாட்டில் இல்லாத மாணவர் அமைப்பு ஒன்றைத் தொடங்கப் பார்த்தார். டிட்டோவின் யூகோஸ்லாவியா மற்ற கம்யூனிஸ்ட் நாடுகளைவிடத் தளர்வானது என்பார்கள். ஆனால் தனியாக அமைப்பு கட்டினால் அங்கேயும் பிடித்து உள்ளே போடுவார்கள். ஜிஞ்ஜிச்சுக்கும் தண்டனை கிடைத்தது.

அதன்பின் மேற்கு ஜெர்மனிக்குப் போய்விட்டார். பிராங்க்பர்ட்டில் ஜெர்மன் தத்துவவாதி ஹாபர்மாஸின் வட்டத்தில் இருந்தார். 1979-இல் கோன்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தில் மார்க்ஸ் பற்றிய ஆய்வுக்கு முனைவர் பட்டம் வாங்கினார். இளம் வயதில் அரசே வேண்டாம் என்ற அராஜகவாதத்தின் மேல் அவருக்கு ஈர்ப்பு இருந்தது. ஜெர்மனியில் இருந்த காலத்தில் அது மெல்லக் கரைந்து, அரசு என்பது ஒழுங்காக வேலை செய்ய வேண்டிய ஒரு யந்திரம் என்ற எண்ணம் வந்தது. பிற்காலத்தில் அவர் பேச்சில் தேசபக்தி வசனத்தைவிடக் கால அட்டவணையும் காலக்கெடுவும்தான் அதிகம் இருக்கும். செர்பியர்களில் பாதிப் பேருக்கு அது பிடித்தது. மீதிப் பாதிக்கு அவர் 'ஜெர்மன்காரர்' ஆகிவிட்டார்.

1989-இல் நோவி சாட் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்த ஆரம்பித்தார். பெர்லின் சுவர் விழுந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. டிசம்பர் 11-ஆம் தேதி பேராசிரியர்களும் எழுத்தாளர்களுமாக ஒரு சிறு குழு கூடி, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு தடைப்பட்டுப்போன ஜனநாயகக் கட்சியை மறுபடி தொடங்குவதாக அறிவித்தது. அதில் ஜிஞ்ஜிச்சும் ஒருவர். கட்சித் தலைவரானவர் ட்ரகோல்யுப் மிச்சுனோவிச், தத்துவப் பேராசிரியர். அரசை எதிர்த்ததற்காக 1975-இல் பெல்கிரேடு தத்துவத் துறையிலிருந்து வெளியேற்றப்பட்ட எட்டுப் பேரில் ஒருவர். வொஜிஸ்லாவ் கொஷ்டுனிட்சா என்ற சட்ட அறிஞரும் அந்தக் குழுவில் இருந்தார். அவர் பின்னால் வருவார். அந்தக் காலத்துப் படங்களில் ஜிஞ்ஜிச் காதில் கடுக்கனோடு இருப்பார், ஏதோ ராக் இசைக்குழுவிலிருந்து தவறி வந்து கட்சிக் கூட்டத்தில் உட்கார்ந்தவர் மாதிரி.

மூத்தவர்கள் கட்சியை ஒரு வாசகர் வட்டம் போல நடத்திக்கொண்டிருந்தார்கள். ஜிஞ்ஜிச்சுக்கு அதில் பொறுமை இல்லை. 1993 டிசம்பர் தேர்தலில் பிரசாரத்தை அவர் கையில் எடுத்துக்கொண்டார். அப்போது செர்பியாவில் பணவீக்கம் எப்படி என்றால், 50,000 கோடி தினார் நோட்டு ஒன்று அச்சடித்து வெளியிட்டார்கள். காலையில் வாங்கிய சம்பளம் சாயங்காலம் வெறும் காகிதம். அந்தச் சூழ்நிலையில் ஜனநாயகக் கட்சியின் சுவரொட்டியில் ஒரே ஒரு சொல்: 'நேர்மையாக'. 29 இடங்கள் கிடைத்தன. அதற்கு முந்தைய நிலைமையோடு பார்த்தால் அது பெரிய தாவல். தேர்தல் முடிந்த கையோடு, 1994 ஜனவரியில், மிச்சுனோவிச்சை ஓரங்கட்டித் தானே தலைவரானார். பெல்கிரேடில் அதை 'தகப்பனைக் கொன்றது' என்றே பேசிக்கொண்டார்கள். ஒழுக்கத்தைத் தேடுகிறவன் கோயிலுக்குப் போகட்டும், அரசியலுக்கு வர வேண்டாம் என்று அவர் சொன்னதாக ஒரு வாக்கியம் கடைசிவரை அவரைத் துரத்தியது.

அவரை விரும்புகிறவர்கள் பேசத் தயங்கும் ஒரு விஷயமும் அதே 1994-இல்தான் நடந்தது. போஸ்னியப் போரில் அதன் தலைநகர் சரயேவோவை முற்றுகையிட்டிருந்த போஸ்னிய செர்பியர்களின் தலைவர் ரதோவான் கராஜிச்சைப் பார்க்க, நகரத்துக்கு மேலே மலையில் இருக்கும் பாலே என்ற ஊருக்குப் போனார். அங்கே ஒரு முழு எருதைத் தீயில் வாட்டி விருந்து வைத்தார்கள். கீழே சரயேவோவில் ஜனங்கள் ஷெல்லடிக்கு நடுவே தண்ணீருக்கு வரிசையில் நிற்கிறார்கள். மேலே எருது விருந்து. 'பாலே எருது' என்று சொன்னாலே இன்றைக்கும் செர்பியாவில் யாரைச் சொல்கிறார்கள் என்று தெரியும். மிலோஷெவிச்சுக்கும் கராஜிச்சுக்கும் இடையே விழுந்துகொண்டிருந்த விரிசலில் தேசியவாதிகளின் ஓட்டைப் பிடிக்கப் பார்த்தார், அவ்வளவுதான் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். கணக்கு அதுவாகவே இருக்கலாம். அதனால் அந்த விருந்து சரியாகிவிடாது.

சரி, 1996-க்கு வருவோம். அவரைத் தெருவில் நின்ற தலைவராக ஆக்கியது அந்தக் குளிர்காலம்தான். வுக் ட்ராஷ்கோவிச்சின் கட்சி, வெஸ்னா பேஷிச்சின் கட்சி, ஜிஞ்ஜிச்சின் கட்சி மூன்றும் சேர்ந்து 'ஒன்றாக' என்று பெயர் வைத்துக்கொண்டு உள்ளாட்சித் தேர்தலில் நின்றன. நவம்பர் 17-ஆம் தேதி இரண்டாம் சுற்றில் பெல்கிரேடு உட்படப் பல நகரங்கள் அவர்கள் கைக்கு வந்தன. மிலோஷெவிச் அரசு நீதிமன்றங்களை வைத்து முடிவை ரத்து செய்தது. ஜனங்கள் தெருவில் இறங்கினார்கள். ஏறத்தாழ மூன்று மாதம், பனியில், தினமும் நடந்தார்கள். நடப்பதுதான் போராட்டம், கையில் விசில். ராத்திரி ஏழரை மணிக்கு அரசுத் தொலைக்காட்சியில் செய்தி ஆரம்பிக்கும். அந்தச் சமயம் பார்த்து வீட்டில் இருக்கிறவர்கள் ஜன்னலைத் திறந்து சட்டி, பானை, வாணலி எல்லாவற்றையும் கரண்டியால் தட்டுவார்கள். செய்தி வாசிப்பவரின் குரல் தெருவுக்கே கேட்கக் கூடாது என்பது நோக்கம். தினமும் அரை மணி நேரம் ஊரே இப்படிச் சமையலறைப் பாத்திரத்தால் அரசாங்கத்துக்குப் பதில் சொன்னது.

ஐரோப்பியப் பாதுகாப்பு ஒத்துழைப்பு அமைப்பின் சார்பில் ஸ்பெயினின் முன்னாள் பிரதமர் ஃபெலிப்பே கொன்சாலஸ் வந்து பார்த்து, ஜெயித்தது எதிர்க்கட்சிதான் என்று அறிக்கை கொடுத்தார். வேறு வழியில்லாமல் பிப்ரவரியில் மிலோஷெவிச் ஒரு தனிச் சட்டம் போட்டு முடிவை ஏற்றுக்கொண்டார். 1997 பிப்ரவரி 21-ஆம் தேதி ஜிஞ்ஜிச் பெல்கிரேடின் மேயர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கம்யூனிஸ்ட் அல்லாத முதல் மேயர். நகரசபைக் கட்டிடத்தின் உச்சியில் இருந்த சிவப்பு நட்சத்திரத்தை இறக்கினார்கள்.

அந்தப் பதவி ஏழு மாதம்தான் நீடித்தது. அவரைக் கவிழ்த்தது மிலோஷெவிச் மட்டும் இல்லை. செப்டம்பர் தேர்தலைப் புறக்கணிப்பது என்று ஜிஞ்ஜிச் முடிவெடுத்தார். ஜனாதிபதியாக ஆசைப்பட்ட ட்ராஷ்கோவிச் அதைத் துரோகமாகப் பார்த்தார். செப்டம்பர் 30-ஆம் தேதி ட்ராஷ்கோவிச்சின் உறுப்பினர்களும், மிலோஷெவிச்சின் சோஷலிஸ்டுகளும், ஷெஷேலின் தீவிர தேசியவாத ரேடிகல் கட்சியும் சேர்ந்து ஓட்டுப் போட்டு அவரை மேயர் நாற்காலியிலிருந்து இறக்கினார்கள். மூன்று மாதம் பனியில் நடந்தவர்களுக்குக் கிடைத்தது இதுதான்.

1999-இல் கொசோவோ விவகாரத்தில் நேட்டோ 78 நாள் குண்டு போட்டது. ஏப்ரல் 11, ஈஸ்டர் ஞாயிறு அன்று, மிலோஷெவிச் குடும்பத்தை எதிர்த்து எழுதிவந்த பத்திரிகை உரிமையாளர் ஸ்லாவ்கோ ச்சுருவியாவைப் பெல்கிரேடில் அவர் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றார்கள். அடுத்த பெயர் தன்னுடையது என்று ஜிஞ்ஜிச்சுக்குத் தகவல் வந்தது. மாண்டனேக்ரோவுக்குத் தப்பிப் போனார். ஊரில் குண்டு விழும்போது ஓடிப்போனவர், நேட்டோவின் ஆள் என்று அரசு ஊடகங்கள் அவரைத் துவைத்துக் காயப்போட்டன. அந்தக் கறை போகவே இல்லை. கருத்துக்கணிப்பில் அவர் பெயருக்கு நேரே எப்போதும் வெறுப்புதான் அதிகமாக இருக்கும்.

அது அவருக்கும் தெரியும். 2000-இல் அவர் செய்த புத்திசாலித்தனமான காரியம், தான் வேட்பாளராக நிற்காமல் இருந்தது. 18 கட்சிகளைச் சேர்த்து 'செர்பிய ஜனநாயக எதிர்க்கட்சிக் கூட்டணி' அமைத்து, 1992-இல் தன்னோடு முரண்பட்டுப் பிரிந்துபோய்த் தனிக்கட்சி நடத்திவந்த கொஷ்டுனிட்சாவை ஜனாதிபதி வேட்பாளர் ஆக்கினார். கொஷ்டுனிட்சா தேசியவாதி, அமெரிக்காவைத் திட்டுபவர், ஊழல் புகார் இல்லாதவர். மிலோஷெவிச்சால் துரோகி என்று சொல்ல முடியாத ஆள். மாப்பிள்ளை அவர்தான், பந்தல் போட்டது, சமையலுக்குச் சொன்னது, சண்டைக்கு வந்த உறவினரைச் சமாதானப்படுத்தியது எல்லாம் ஜிஞ்ஜிச். 'ஓட்போர்' என்ற மாணவர் இயக்கம் ஊரெல்லாம் முஷ்டிச் சின்னத்தையும் 'அவன் கதை முடிந்தது' என்ற வாசகத்தையும் ஒட்டியது.

செப்டம்பர் 24 தேர்தலில் கொஷ்டுனிட்சா முதல் சுற்றிலேயே ஜெயித்துவிட்டார் என்று எதிர்க்கட்சி சொன்னது. 50 சதவீதம் தாண்டவில்லை, இரண்டாம் சுற்று வேண்டும் என்று தேர்தல் ஆணையம் சொன்னது. கொலுபாரா நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதி அந்த நிலக்கரியிலிருந்து வருவது. அக்டோபர் 5-ஆம் தேதி நாடு முழுவதும் இருந்து பெல்கிரேடுக்குத் திரண்டு வருவது என்று முடிவானது.

அந்த ஜீப் விஷயம் அதற்கு முந்தின ராத்திரி நடந்தது. ஜேஎஸ்ஓ என்று ஒரு படை இருந்தது. சிவப்புத் தொப்பி போட்டதால் 'சிவப்புத் தொப்பிக்காரர்கள்' என்று பெயர். ரகசியப் போலீசின் கீழ் இருந்த, குரோஷியா, போஸ்னியா போர்களில் வேரூன்றிய படை அது. தளபதி மிலோராத் உலெமெக். பிரெஞ்சு வெளிநாட்டுப் படையில் இருந்து வந்தவர் என்பதால் 'லெகியா' என்று கூப்பிடுவார்கள். நாளைக்கு இந்தப் படை சுட்டால் கூட்டம் சிதறும், பிணம் விழும், புரட்சி முடிந்துபோகும். அக்டோபர் 4 ராத்திரி ஜிஞ்ஜிச் லெகியாவை ஜீப்பில் சந்தித்தார். லெகியா பேசியது ரொம்பச் சுருக்கம் என்று பிற்பாடு ஜிஞ்ஜிச்சே சொன்னார்: உங்கள் ஆட்கள் போலீஸ் மேல் சுட வேண்டாம், முகாம்களைத் தாக்க வேண்டாம், நாங்களும் தலையிட மாட்டோம். கையெழுத்து எல்லாம் கிடையாது, வாக்குதான்.

வாக்கு காப்பாற்றப்பட்டது. மறுநாள் லட்சக்கணக்கில் ஜனம். சாச்சக் நகரத்திலிருந்து அதன் மேயர் தலைமையில் லாரிகளும் மண் அள்ளும் யந்திரமும் வழியில் இருந்த போலீஸ் தடுப்புகளைத் தள்ளிக்கொண்டு வந்தன. நாடாளுமன்றம் எரிந்தது; தொலைக்காட்சி நிலையம் விழுந்தது. செர்பியர்கள் அதை 'புல்டோசர் புரட்சி' என்கிறார்கள். சிவப்புத் தொப்பிக்காரர்கள் வண்டியோடு வெளியே வந்தார்கள், ஜனத்தைச் சுடாமல் திரும்பிப் போனார்கள். மறுநாள் மிலோஷெவிச் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

அப்போது வெளியே தெரியாத ஒரு விஷயம் உண்டு. அதற்கு ஆறு வாரம் முன்பு, ஆகஸ்ட் 25-ஆம் தேதி, செர்பியாவின் முன்னாள் ஜனாதிபதி இவான் ஸ்டாம்போலிச் காலையில் கோஷுட்ன்யாக் பூங்காவில் ஓடப் போனவர் காணாமல் போயிருந்தார். ஒருகாலத்தில் மிலோஷெவிச்சை அரசியலில் தூக்கிவிட்டவர் அவர். கடத்திக் கொன்று ஃப்ருஷ்கா கோரா மலையில் புதைத்தது இதே படையின் ஆட்கள். ட்ராஷ்கோவிச்சைக் கொல்ல 1999 அக்டோபரில் லாரியை விட்டு மோதி நாலு பேரைச் சாகடித்ததும் இவர்களே. ஜீப்பில் ஜிஞ்ஜிச் வாக்கு வாங்கிய கை அப்படிப்பட்டது. இரத்தம் சிந்தாமல் ஒரு சர்வாதிகாரியை இறக்கினார்கள் என்று உலகம் பாராட்டியபோது, அந்த இரத்தத்துக்குப் பொறுப்பான படை முழுசாக, ஆயுதத்தோடு, பென்ஷனோடு, புதிய ஆட்சிக்குள் நடந்து வந்துவிட்டது.

டிசம்பர் 23 தேர்தலில் கூட்டணிக்கு 250-இல் 176 இடங்கள். 2001 ஜனவரி 25-ஆம் தேதி ஜிஞ்ஜிச் செர்பியாவின் பிரதமர். கொஷ்டுனிட்சா யூகோஸ்லாவியக் கூட்டாட்சியின் ஜனாதிபதி; செர்பியாவும் மாண்டனேக்ரோவும் மட்டும்தான் அப்போது அந்தக் கூட்டாட்சியில் மிச்சம். ஒரே ஊரில் இரண்டு அதிகார மையம்; ஒருவருக்கு ஜனங்களின் அன்பு, இன்னொருவர் கையில் நிர்வாகம். மின்வெட்டு, காலி கஜானா, சம்பளத்துக்கே வெளியில் கையேந்தும் நிலைமை.

உதவி தருவதாகச் சொன்ன அமெரிக்கா, மார்ச் 31-க்குள் ஹேக் நீதிமன்றத்தோடு ஒத்துழைக்க வேண்டும் என்று கெடு வைத்தது. முதலில் மிலோஷெவிச்சை உள்நாட்டுக் குற்றச்சாட்டில் கைது செய்யப் போனார்கள். தெதின்யே பகுதியில் அவர் மாளிகையைச் சுற்றி இரண்டு ராத்திரி இழுபறி. உள்ளே ஆயுதம் தாங்கிய மெய்க்காப்பாளர்கள். கடைசியில் ஏப்ரல் 1 விடியற்காலையில் சரணடைந்தார். அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகும்போது மகள் ஆத்திரத்தில் துப்பாக்கியால் சுட்டார்.

ஹேக்குக்கு அனுப்பியது ஜூன் 28. அந்தத் தேதியைப் பற்றி ஒரு வார்த்தை. அது செர்பியர்களின் 'வீதொவ்தான்' திருநாள். 1389-இல் கொசோவோ போர் நடந்த நாள். 1914-இல் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் சுடப்பட்ட நாள். 1989-இல் கொசோவோ போர்க்களத்தில் மிலோஷெவிச் தன் பெயர்பெற்ற உரையை நிகழ்த்திய நாள். அதே நாளில் அவரைப் பெல்கிரேடு சிறையிலிருந்து எடுத்து ஹெலிகாப்டரில் போஸ்னியாவின் துஸ்லா தளத்துக்கும், அங்கிருந்து நெதர்லாந்துக்கும் கொண்டுபோனார்கள். கூட்டாட்சியின் அரசியலமைப்பு நீதிமன்றம் அன்றைக்குத்தான் ஒப்படைப்பு ஆணைக்குத் தடை போட்டிருந்தது. ஜிஞ்ஜிச் அமைச்சரவையைக் கூட்டி, செர்பியாவின் 1990 அரசியலமைப்பின் 135-ஆவது பிரிவைப் பிடித்துக்கொண்டார்: கூட்டாட்சியின் முடிவு செர்பியாவின் நலனுக்குக் கேடு என்றால் செர்பியா தன் வழியில் போகலாம். அந்தப் பிரிவை எழுதி வைத்தது மிலோஷெவிச் ஆட்சி. அவர் வெட்டிய குழியில் அவரையே இறக்கினார்கள். மறுநாள் பிரஸ்ஸல்ஸில் நன்கொடை நாடுகள் கூடி 100 கோடி டாலருக்கு மேல் தருவதாக வாக்களித்தன. தேதிக் கணக்கு அவ்வளவு துல்லியமாக இருந்ததால், 'ஆளை விற்றுக் காசு வாங்கினார்' என்ற பேச்சு உடனே கிளம்பியது. தனக்குச் சொல்லவே இல்லை என்றார் கொஷ்டுனிட்சா. ஆகஸ்டில் அவர் கட்சி அரசிலிருந்து விலகியது.

தவளையை விழுங்க வேண்டி வந்தால் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருக்காதே. பல தவளைகள் இருந்தால் பெரியதை முதலில் விழுங்கு என்று ஜிஞ்ஜிச் சொல்வார். மிலோஷெவிச் பெரிய தவளை என்று நினைத்தார். அதைவிடப் பெரியது கூலா என்ற ஊரில் முகாம் போட்டு உட்கார்ந்திருந்தது.

அது 2001 நவம்பரில் வெளியே வந்தது. ஹேக் தேடிய இரண்டு சகோதரர்களைக் கைது செய்ய அனுப்பினார்கள், யாரைப் பிடிக்கிறோம் என்று எங்களுக்குச் சொல்லவில்லை என்று சிவப்புத் தொப்பிக்காரர்கள் கலகம் செய்தார்கள். கவச வண்டிகளைக் கொண்டுவந்து பெல்கிரேடில் நெடுஞ்சாலையை மறித்தார்கள். ஆயுதம் ஏந்திய போலீஸ் தலைநகரத்தின் சாலையை மறிப்பதற்குப் பெயர் என்ன? டாக்டர்கள் வெள்ளைக் கோட்டோடு போராடுகிற மாதிரி இவர்கள் சீருடையோடு போராடுகிறார்கள் என்ற அளவில் கொஷ்டுனிட்சா அதை எடுத்துக்கொண்டார். ராணுவம் கொஷ்டுனிட்சாவின் கீழ். போலீஸில் இந்தப் படையை எதிர்த்து நிற்க ஆள் இல்லை. ஜிஞ்ஜிச் இறங்கி வந்தார். ரகசியப் போலீசின் தலைமையில் அவர் வைத்திருந்த ஆட்கள் ராஜினாமா செய்தார்கள். கலகக்காரர்களுக்கு ஒத்துப்போகிறவர்கள் அந்த இடத்துக்கு வந்தார்கள். அவர் வாழ்க்கையில் எந்த நாளை மாற்றியிருக்கலாம் என்று கேட்டால் நான் அவர் சுடப்பட்ட மார்ச் 12-ஐச் சொல்ல மாட்டேன், இந்த நவம்பர் வாரத்தைத்தான் சொல்வேன். அன்று அந்தப் படை தன்னை யாரும் தொட முடியாது என்று தெரிந்துகொண்டது. ஆனால் எதை வைத்து அவர் எதிர்த்திருப்பார் என்று யோசித்தால் எனக்கும் பதில் வருவதில்லை.

லெகியா அதற்குள் தளபதிப் பதவியிலிருந்து போயிருந்தாலும் செல்வாக்கு போகவில்லை. அவருக்குக் கூட்டாளிகள் பெல்கிரேடின் ஸெமுன் பகுதியில் இருந்த ஸெமுன் கும்பல்: போதைப்பொருள், கொலை, பணக்காரர்களைக் கடத்திப் பணம் பறிப்பது. தலைவன் துஷான் ஸ்பசோயெவிச். போலீசும் கும்பலும் எங்கே பிரிகின்றன என்றே தெரியாத நிலைமை. 2002-இல் ஒழுங்கமைந்த குற்றங்களுக்கு எதிரான தனிச் சட்டம், சிறப்பு வழக்கறிஞர், சாட்சிகளுக்குப் பாதுகாப்பு எல்லாம் வந்தன. கும்பலின் பழைய கூட்டாளி ஒருவர் சாட்சியாக மாறி வாயைத் திறந்தார். ஹேக் பட்டியலில் அடுத்து யார் என்ற பயம் படையில். கைது எப்போது என்ற பயம் கும்பலில். இரண்டு பயமும் ஒரே மேஜையில் உட்கார்ந்தபோதுதான் கொலைத் திட்டம் உருவானது. கேட்ட கேள்விக்கு நேரடிப் பதில் இந்த இடத்தில்தான் இருக்கிறது: 2001-இல் மிலோஷெவிச்சை அனுப்பியதற்குப் பழிவாங்கல் என்பதைவிட, 2003-இல் தங்களைப் பிடிக்கவிடாமல் தடுப்பதுதான் அவர்களுக்கு அவசரம்.

பிப்ரவரி 21-ஆம் தேதி பிரதமரின் கார்கள் விமான நிலையத்துக்குப் போகும்போது நெடுஞ்சாலையில் ஒரு லாரி திடீரென்று குறுக்கே திரும்பியது. ஓட்டுநரின் சாமர்த்தியத்தில் தப்பினார்கள். லாரிக்காரனைப் பிடித்தார்கள், ஸெமுன் கும்பலைச் சேர்ந்தவன். சில நாளில் நீதிமன்றம் அவனை வெளியே விட்டுவிட்டது. என்னை அகற்றினால் சட்டம் நின்றுவிடும் என்று யாராவது நினைத்தால் ஏமாந்துபோவார்கள் என்று ஜிஞ்ஜிச் பொதுவெளியில் சொன்னார்.

2003 மார்ச் 12, புதன்கிழமை. சில வாரம் முன்பு கால்பந்து ஆடும்போது பாதத்தில் அடிபட்டதால் ஊன்றுகோலோடு நடந்துகொண்டிருந்தார். மதியம் ஸ்வீடன் வெளியுறவு அமைச்சர் ஆனா லிண்டைச் சந்திக்க வேண்டும். பன்னிரண்டரை மணிக்குச் சற்று முன்பு, நேமன்யினா தெருவில் உள்ள அரசுக் கட்டிடத்தின் பின்பக்க வாசலில் காரிலிருந்து இறங்கினார். சுமார் 180 மீட்டர் தள்ளி, அட்மிரல் கெப்ராட் தெருவில், நில அளவைப் படங்கள் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் ஜன்னலில் ஜேஎஸ்ஓவின் துணைத் தளபதி ஸ்வெஸ்தான் யோவனோவிச் ஜி-3 துப்பாக்கியோடு காத்திருந்தார். குண்டு நெஞ்சில் பாய்ந்தது. அடுத்த குண்டு மெய்க்காப்பாளர் மிலான் வெருவோவிச்சின் உடலில். அவர் பிழைத்தார், மூன்றாவதாக ஒரு வெடிச்சத்தம் கேட்டது என்று இன்றுவரை சொல்கிறார். நீதிமன்றம் இரண்டு என்றுதான் முடிவு செய்தது. ஊன்றுகோல் இல்லாமல் வேகமாக நடந்திருந்தால் தப்பியிருப்பாரா என்ற பேச்சு உண்டு; எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, அன்று தப்பினால் வேறொரு நாள் பார்த்திருப்பார்கள். ஆனா லிண்டும் அதே வருடம் செப்டம்பரில் ஸ்டாக்ஹோமில் ஒரு கடையில் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். இரண்டுக்கும் தொடர்பு இல்லை.

அன்றைக்கே நெருக்கடி நிலை. 42 நாள் நீடித்தது. 'வாள்' என்று பெயர் வைத்த நடவடிக்கையில் 11,000-க்கும் மேற்பட்டவர்களைப் பிடித்து விசாரித்தார்கள். சம்பந்தமில்லாத பலரும் அதில் மாட்டினார்கள் என்ற குறை நியாயமானது. ஸெமுனில் கும்பலின் கோட்டையாக இருந்த ஷில்லர் தெரு வீட்டை யந்திரம் வைத்து இடித்துத் தள்ளினார்கள். மார்ச் 25-ஆம் தேதி சிவப்புத் தொப்பிப் படை கலைக்கப்பட்டது. ஜிஞ்ஜிச்சால் உயிரோடு இருந்தவரை முடியாத காரியம், அவர் செத்துப் பதின்மூன்றாம் நாள் முடிந்தது. மார்ச் 27-ஆம் தேதி ஸ்பசோயெவிச் போலீஸ் சுட்டு இறந்தார். அதே வாரத்தில் ஃப்ருஷ்கா கோராவில் ஸ்டாம்போலிச்சின் எலும்புகள் கிடைத்தன. பதினைந்தாம் தேதி நடந்த இறுதி ஊர்வலத்தில் பெல்கிரேடு லட்சக்கணக்கில் நடந்தது. உயிரோடு இருக்கும்போது கருத்துக்கணிப்பில் அவரை விரும்பாதவர்களும் அதில் இருந்திருப்பார்கள்.

லெகியா ஒரு வருடத்துக்கு மேல் தலைமறைவாக இருந்து 2004 மே 2-ஆம் தேதி தானாக வந்து சரணடைந்தார். அதற்குள் கொஷ்டுனிட்சா பிரதமராகியிருந்தார். 2007 மே 23-ஆம் தேதி 12 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு. லெகியாவுக்கும் யோவனோவிச்சுக்கும் தலா 40 ஆண்டு. அதுதான் உச்சபட்சத் தண்டனை, ஏனென்றால் 2002-இல் மரண தண்டனையை ஒழித்தது ஜிஞ்ஜிச்சின் ஆட்சி. சுட்டவர்களும் திட்டம் போட்டவர்களும் உள்ளே போனார்கள். இவர்களுக்குப் பின்னால் அரசியல்வாதி யாராவது இருந்தாரா என்ற கேள்வியை அவர் குடும்பமும் கட்சியும் கேட்டுக்கொண்டே இருக்கின்றன. அந்த வழியில் எந்த வழக்கும் தீர்ப்புவரை போகவில்லை. மிலோஷெவிச்சோ தீர்ப்பு வருமுன்னே 2006 மார்ச் 11-ஆம் தேதி ஹேக் சிறையில் இறந்துபோனார்.

ஒவ்வொரு மார்ச் 12-ஆம் தேதியும் பெல்கிரேடில் 'ஸோரானுக்காக ஒரு நடை' நடக்கிறது. புதிய பெல்கிரேடில் ஒரு பெரிய சாலைக்கும் அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். கொலைவழக்கில் தீர்ப்பு வந்த அதே 2007 மே மாதத்தில், அந்தச் சாலையின் பெயர்ப்பலகை மேல் ரேடிகல் கட்சிக்காரர்கள் 'ரட்கோ ம்லாதிச் சாலை' என்று தாள் ஒட்டினார்கள். ம்லாதிச் அப்போது ஸ்ரெப்ரெனிட்சா படுகொலைக்காக ஹேக் தேடிக்கொண்டிருந்த தளபதி. ஒட்டப் போனவர்களில் கட்சியின் பொதுச் செயலாளர் அலெக்ஸாண்டர் வுச்சிச்சும் ஒருவர். மிலோஷெவிச் காலத்தில் தகவல்துறை அமைச்சராக இருந்தவர். 2014-இல் அவர் செர்பியாவின் பிரதமரானார். அலுவலகம் அதே நேமன்யினா தெருக் கட்டிடம்.